பன்னிரண்டு அடிக் குற்றம்

சலவைக்கடைக்காரர் வாழ்நாளில் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது பன்னிரண்டு அடி நீளத்துக்குக் கடை வாசலில் தொங்கியது.

சொந்தப் பெயரில் கடை நடத்திய காலத்தில் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை மாமனார் ஊருக்குப் போனபோது, கடைவீதியில் நீலப் போர்டும் வெள்ளை அன்னமுமாக ஒரு கடையைப் பார்த்தார். 'அன்னம் சலவையகம். எங்கும் எங்கள் கிளைகள்.' வாசலில் தெருவை அடைத்துக் கூட்டம்.

முறைப்படி அதற்கு ஒரு கிளையாக வேண்டுமென்றால் விண்ணப்பம், முன்பணம், ஒப்பந்தம், லாபத்தில் பங்கு என்று ஆயிரம் இருக்கும். அவர் செல்போனில் ஒரே ஒரு போட்டோ எடுத்தார். ஊர் திரும்பியதும் அதே மாதிரி போர்டு எழுதி மாட்டினார். மறுமாதமே வியாபாரம் பிடித்துக்கொண்டது.

இரண்டு வருடம் நிம்மதியாகப் போனது, இன்று காலை வரைக்கும்.

உள்ளே வந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் தடித்த ஃபைல். போட்டிருந்த நீலக் கோட்டில் வெள்ளை அன்னம்.

"இந்தக் கடைக்கு ஓனர் நீங்கதானே? தலைமை அலுவலக விஷயமா வந்திருக்கேன்."

சலவைக்கடைக்காரர் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தார். கல்லாவில் இருந்த மனைவியைப் பார்த்தார். கடைக்காக அவள் அடகு வைத்த வளையல்கள் போன மாதம்தான் கைக்குத் திரும்பியிருந்தன.

"உட்காருங்க மேடம். குடிக்க ஏதாவது..."

"முதல்ல வேலை முடியட்டும்."

பெண்மணி டேப்பை எடுத்து போர்டை அளந்தார். சலவை இயந்திரங்களை எண்ணினார். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ரசீது ரோஸ் கலரா? நாங்க மஞ்சள்ல போடறோமே."

"மஞ்சள் பேப்பர் தீர்ந்துபோச்சு மேடம்."

"போர்டுல அன்னம் இடது பக்கம் பாக்குது. எங்களோடது வலது பக்கம்."

"அது... வெயிலுக்குத் திரும்பியிருக்கும் மேடம்."

மனைவி அவரைத் தொங்கும் துணிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "உளறாதீங்க. போலீசு வர்றதுக்குள்ள உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா கடை போயிடுமேடி."

"சொல்லலேன்னா நீங்களும் சேந்து போயிடுவீங்க. உள்ள!"

சலவைக்கடைக்காரர் கையைக் கூப்பிக்கொண்டு வெளியே வந்தார். அவமானமாகத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு வருடமாக நெஞ்சில் கனத்த பாரம் இறங்குவது போலவும் இருந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம். இது கிளையே இல்ல. யார்கிட்டயும் அனுமதி வாங்கல, ஒப்பந்தம் போடல. போட்டோவைப் பாத்து நானே போர்டு மாட்டிக்கிட்டேன். அபராதம் எவ்வளவு கட்டச் சொன்னாலும் கட்டிடறேன், கடைய மட்டும் மூடிடாதீங்க!"

பெண்மணியின் கையிலிருந்து டேப் நழுவி விழுந்தது. பக்கத்தில் இருந்த அழுக்குத்துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களுமா?" என்றார், அழாத குறையாக.

"நானும் அப்படித்தான் சார் மாட்டினேன்; மன்னிப்புக் கேட்டு முறைப்படி கிளையாயிடலாம்னு அசல் கடையத் தேடி, கடை கடையா அளந்து ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு வந்தா, இதோட பதினேழு கடை ஆச்சு, பதினேழு பேருமே போட்டோ பாத்து மாட்டினவங்கதான்!"