குகைக்காரியின் முகம்

"மூக்கைக் குறைங்க! இல்ல, காதை மாத்துங்க. எதையாவது மாத்துங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

காப்பாளர் கிட்டத்தட்ட அழும் நிலையில் இருந்தார். அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில், மேசைமேல், கழுத்துவரை களிமண்ணில் ஒரு பெண் தலை. இறுகிய தாடை. தூக்கிய புருவம். எதிரில் நிற்பவன் என்ன சொன்னாலும் தப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட உதடு.

மலைக்குகையில் கிடைத்த மண்டையோட்டை அச்செடுத்து, அதன்மேல் எழுப்பிய முகம் அது. மழையும் வெக்கையும் எலும்பை மிச்சம் வைக்காத பூமியில், பல்லாயிரம் வருடங்களாகச் சுண்ணாம்புப் பாறைக்குள் பத்திரமாக இருந்த தலை. நம்மைப் போன்ற மனிதர்கள் இந்தப் பக்கம் வந்ததற்கு இதைவிடப் பழைய சாட்சி இதுவரை அகப்படவில்லை.

"இதுக்கு என்ன சார் குறை?" என்றாள் சிற்பி, கையில் ஒட்டிய களிமண்ணைத் துடைத்தபடி.

"குறையா? அப்படியே என் மாமியார்!"

"உங்க மாமியாரை நான் பார்த்ததே இல்லையே. எந்த இடத்துல எவ்வளவு சதை இருக்கணும்னு எலும்பு சொல்லுது, நான் கேட்டுக்கறேன். அவ்வளவுதான்."

"எலும்பு சொன்னா கேப்பீங்க, நான் சொன்னா கேக்க மாட்டீங்களா?"

அவர் பதறியதில் நியாயம் இருந்தது. மாமியார் ஓய்வு பெற்ற நீதிபதி. அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளைக்குத் தலைவியும் அவரே. இன்று அவர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் முகம் வார்ப்புக்குப் போகும். ஒருமுறை, "என்ன அத்தை, இளைச்சுட்டீங்களே" என்று மருமகன் பாசமாகக் கேட்டதற்கு, "அப்போ இத்தனை நாளா குண்டா இருந்தேனா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் ஒரு வருடம் மகள் மூலமாகத்தான் அவரோடு பேசினார். அப்பேர்ப்பட்டவரைக் குகைக்காரியாக உட்கார வைத்தால்?

யோசனை கேட்டு மனைவிக்குப் படம் அனுப்பியிருந்தார். அவள் போன் செய்தாள், சிரித்தாள், சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

சிற்பி பெருமூச்சு விட்டுக் கன்னத்தில் கொஞ்சம் மண் அப்பினாள்.

"ஐயோ, இது விருந்து சாப்பிட்ட மாமியார்!"

கன்னத்தை வழித்துவிட்டுப் புருவத்தை இறக்கினாள்.

"இது தீர்ப்பு எழுதற மாமியார்! வேணாம், பழையபடியே வச்சிடுங்க."

கடைசி முயற்சியாக அலமாரியிலிருந்து நீளமான சடைமுடி ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டினாள். காப்பாளர் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"தலைக்குக் குளிச்ச மாமியார்..."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

முன்னாள் நீதிபதி உள்ளே வந்தார். மேசையை இடமிருந்து வலமாக ஒரு சுற்று, வலமிருந்து இடமாக ஒரு சுற்று சுற்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கதவைச் சாத்துங்க, மாப்பிள்ளை."

காப்பாளர் சாத்தினார். "அத்தை, சத்தியமா இதுக்கு நான் காரணமில்ல. எலும்புதான்..."

"சத்தம் போடாதீங்க." மாமியாரின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "உங்க அம்மா இதைப் பார்த்துட்டாங்களா?"

"எங்க அம்மாவா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. சம்பந்தியம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு என்னை இப்படித்தான் மேலயும் கீழயும் பார்த்தாங்க. இன்னிக்கும் அவங்க போன் வந்தா நான் எழுந்து நின்னுதான் பேசறேன்."

தன் மாமியார் ஒருவருக்குப் பயப்படுவார் என்பதே காப்பாளருக்கு அன்றுதான் தெரியும்.

"இருந்தாலும், பெத்த தாயை ஆதி மனுஷியா வைக்கணும்னு தோணுச்சே, அந்த மனசு யாருக்கு வரும்? எனக்குச் சம்மதம். வார்ப்புக்கு அனுப்புங்க."

சொன்னவர், அந்த முகத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியே போய்விட்டார்.

காப்பாளர் நாற்காலியில் சரிந்தார். தலையை உற்றுப் பார்த்தார். ஆமாம்! அம்மாவேதான். இது எப்படி இத்தனை நாள் கண்ணில் படவில்லை? "அம்மா..." என்றார் மெல்ல.

சிற்பியின் போன் அடித்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து. "சொல்லுங்க... அப்படியா?... சந்தேகமே இல்லையா?... சரி." வைத்துவிட்டுத் தயங்கினாள்.

"சார், பல்லுல இருந்த புரதத்தை எடுத்துச் சோதிச்சுட்டாங்களாம். எலும்பு மெலிசா இருக்கேன்னு நாமதான் தப்பா நினைச்சுட்டோம். இது பொம்பளை இல்ல, ஆம்பளை."

"என்னது? அப்போ முதல்லேருந்து செய்யணுமா?"

"எதுக்கு சார்? மூக்கும் தாடையும் எலும்பு சொன்னபடிதானே இருக்கு. முடியை மட்டும் எடுத்துட்டாப் போதும்."

அவள் சடைமுடியைக் கழற்றினாள்.

மேசைமேலிருந்து காப்பாளரை முறைத்துக்கொண்டிருந்தது, தினமும் காலையில் சவரம் முடித்து வழுக்கைத் தலையைத் துடைக்கும்போது கண்ணாடிக்குள்ளிருந்து அவரை முறைக்கும் அதே ஆள்.