ஆகாத விரிப்பு

அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஏணிமேல் பாஸ்டர் ஹாலிஸ். கத்தரிக்கோலோடு ட்வைலாவும் அவள் தங்கை பானியும். பட்டியலோடு எழுபத்திரண்டு வயது வெர்னா. கடைசியாக வந்து சேர்ந்த நடீன்.

ஹாலோவீன் விருந்துக்குப் பன்னிரண்டு ஆவிகள் தொங்கவேண்டும். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பின் நடுவில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, கழுத்தில் கயிறு கட்டி, கண் வரைந்தால் ஆவி. வீட்டுக்கு ஒரு பழைய விரிப்பு என்று பேச்சு.

நடீன் வீட்டில் இருந்தவையே மூன்று; மூன்றும் பிள்ளைகளின் கட்டில்களில். இரண்டு கந்தல். அதைப் போய் நாலு பேர் முன்னால் எப்படி விரிப்பது? காகித ஆலை மூடி வேலை போனதிலிருந்து, வீடு நடக்கும் லட்சணம் ஊருக்குத் தெரியக் கூடாது என்றிருந்தாள். காலையில் கடைக்குட்டியின் கட்டிலில் இருந்த நல்லதை உருவி, மடித்து எடுத்து வந்துவிட்டாள்.

"குடு, பார்ப்போம்."

வெர்னா வாங்கி உதறினாள். பிஸ்கட் தூள் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது.

"ஆவிக்குத் தீனியும் சேர்த்தே கொண்டுவந்தியா, நடீன்?" என்றாள் பானி. ட்வைலா சிரித்தாள். நடீனுக்குக் காது சுட்டது.

வெர்னா சிரிக்கவில்லை. "இது ஆகாது."

"ஏங்க?"

"துணி கனம். வீட்ல வேற இருக்கா?"

"இருக்குங்க. கொஞ்சம் கிழிஞ்சது..."

"அப்ப வேண்டாம். பன்னிரண்டாவதுக்கு என் மேஜை விரிப்பு போதும்."

"துணி நல்லாத்தானே இருக்கு, வெர்னா?" என்றார் பாஸ்டர்.

"நீங்க ஏணியைப் பிடிச்சுக்குங்க. பட்டியல் என்னோடது."

அவள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு, நன்கொடைப் பொருள்கள் அடுக்கியிருந்த உள்ளறைக்குப் போனதும் பானி கிசுகிசுத்தாள்: "ஆவி எதுக்கு? இந்தம்மாவை வாசல்ல நிறுத்தினா போதாதா? பிள்ளைங்க தானா அலறும்."

நடீன் தலை நிமிராமல் கண்களை வரைந்தாள். எல்லாம் கோணிக்கொண்டு போயின.

கிளம்பும்போது வெர்னா கயிறு கட்டிய மூட்டையைத் தானே தூக்கி வந்து, காரின் பின்சீட்டில் போட்டாள். "விட்டுட்டுப் போயிடாதே. இங்க குப்பை சேர்க்க இடமில்லை."

இனி இந்தப் படியை மிதிப்பதில்லை என்று நடீன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

வீட்டில் மூட்டையை எடுத்தபோது கை தாழ்ந்தது. கயிற்றை அவிழ்த்தாள். அவளுடைய விரிப்புக்குள் இன்னும் விரிப்புகள். கடை மடிப்புக்கூடக் கலையாத புத்தம்புதியவை.

பிள்ளைகளின் மூன்று கட்டில்களிலும் விரித்து முடித்தாள்.

மிச்சம் ஒன்று, அவளுடைய வெறுங்கட்டிலின் அளவில்.