திருநீறு விழுந்த கண்

மலேசியாவின் செனாய் நகரில் ஒரு கண் மருத்துவமனை. சிகிச்சை அறையின் வெள்ளை வெளிச்சம் சுகுமாறனின் இடது கண்ணில் நேராக இறங்குகிறது. வலது கண்ணைத் துணி மூடியிருக்கிறது; அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிங்கப்பூர் வேலைக்குப் போக முந்தாநாள்தான் லேசர் செய்துகொண்டான். நேற்று அம்மா யோகேஸ்வரி அவன் நெற்றியில் திருநீறு பூசி ஊதிவிட்டாள். துகள் விழுந்த கண்ணை அவன் கசக்க, லேசருக்காக வெட்டி மூடிய, இன்னும் ஆறாத மெல்லிய விழிப்படலம் மடிந்துபோயிற்று. அதைத் தூக்கிக் கழுவி நீவ வேண்டும். பார்வை திரும்புமா என்று டாக்டர் சொல்லவில்லை. "அடுத்த வாரம் இன்டர்வியூக்கு ஒங்க சாமியவே அனுப்புங்கம்மா. இப்ப வெளிய போங்க," என்கிறான் சுகுமாறன். யோகேஸ்வரி கதவருகே போய் நிற்கிறாள். கருவி நெருங்கியதும் அவன் உடம்பு உதறுகிறது. கை காற்றில் துழாவுகிறது. "ஆடாதீங்க தம்பி, கையப் பிடிச்சுக்குங்க," என்கிற தாதி பிரேமலா மிஸ்ஸி, பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் கையுறையை உருவி, பேசாமல் அம்மாவிடம் நீட்டுகிறாள். யோகேஸ்வரி வளையல்களை ஓசைப்படாமல் முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, அதை மாட்டிக்கொள்கிறாள். அந்த விரல்களை அவன் இறுகப் பற்றுகிறான். கழுவும் நீர் கன்னத்தில் வழிகிறது. "கைய எடுத்துடாதீங்க மிஸ்ஸி," என்கிறான். "எங்கம்மா மட்டும் உள்ள வரக் கூடாது."