பங்குனிப் பந்தல்

செம்பாக்கம் ஏரிக்காற்று காலையிலேயே சுடுகிறது, கண்ணுகளா. வாசலில் ஸ்டூலின் மேல் சந்திரிகா நிற்கிறாள். முந்தானையை இடுப்பில் செருகி, கயிற்றைப் பல்லில் கடித்தபடி, சவுக்குக் கட்டையின் மேல் தென்னங்கீற்றை இழுத்துக் கட்டுகிறாள். நனைத்த கீற்றின் தண்ணீர் அவள் முழங்கை வழியாகச் சொட்டுகிறது. அவளுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் கூரை வெயிலில் படக், படக்கென்று சத்தம் போடுகிறது. உள்ளே மகள் ஓவியா ஈரத்துண்டை முதுகில் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒவ்வொரு பங்குனியிலும் இந்தப் பந்தலைப் போட்டவர் சந்திரிகாவின் புருஷன். இந்தத் தை மாதம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கொழுந்தன் தினகரன் பைக்கைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வந்து கத்துகிறான். “இன்னா அண்ணி இது? அண்ணன் போய் வருசம் திரும்பல. சாவு வுழுந்த வூட்டு வாசல்ல பந்தல் போடலாமா? ஊரு சிரிக்காது?”

“சிரிக்கட்டும் தம்பி. சிரிக்கிறவங்க வூட்லல்லாம் ஏசி கீது.”

“ஒரு வருசம் போவட்டும்னுதானே சொல்றேன்!”

“அத வெயிலாண்ட போய் சொல்லு. அது ஒரு வருசம் கழிச்சு வரட்டும்.”

அடுத்த கீற்றும் ஏறுகிறது. தினகரனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. நெற்றியைத் துடைத்துக்கொண்டே, திட்டிக்கொண்டே, தன்னையறியாமல் இரண்டடி பந்தலுக்குள் தள்ளி நிற்கிறான். கோடு கோடாய் நிழல் அவன் முகத்தில் விழுகிறது. சந்திரிகா மேலிருந்து பார்க்கிறாள். கயிற்றின் மறுமுனையை அவன் தோள்மேல் வீசுகிறாள்.

“நிழல்ல நின்னுகினுதானே திட்ற? அப்படியே இதப் புடிச்சு இழு.”