ஒன்பது வரிக் கட்டுரை

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கணவர் வெளியே வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அவருக்குத் தெரியாமல் அவர் எழுதியதைப் பார்த்துவிட அது போதும்.

திறந்த பக்கத்தில் இருந்தது ஒரு வீட்டுப்பாடம். தலைப்பு, 'என் வேலை'. மொத்தம் ஒன்பது வரி.

அவள் பெரியவர்களுக்கு ஆன்லைனில் எழுத்துப் பயிற்சி நடத்துபவள். ஆள் சேராத முதல் வகுப்பில், கூட்டம் காட்டுவதற்காக லிஃப்ட் மெக்கானிக்கான கணவரையும் பிடித்து உட்கார வைத்திருந்தாள். மனிதர் பிறகு அந்த வகுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்த வகுப்புக்கான மென்பொருளில் அவளுக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு. தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் நேரத்தோடு பதிவாகிவிடும். ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுரை முதல் எழுத்திலிருந்து சினிமா மாதிரி ஓடும். எங்கே தயங்கினார்கள், எதை எழுதினார்கள், எதை அழித்தார்கள், எல்லாம் வரும்.

"நீங்க எழுதினதைவிட அழிச்சதைத்தான் நான் கவனமா படிப்பேன்," என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஆசையாக விளக்குவாள். முடிந்த கட்டுரை ஒருவர் எங்கே வந்து சேர்ந்தார் என்று காட்டும். அவர் வந்த வழியை அழித்த வரிகளில்தான் பார்க்க முடியும்.

"யாருடையதை வேணா பாரு டீச்சரம்மா, என்னோடதை மட்டும் ஓட்டிப் பார்க்காத. மானம் போயிடும்," என்று கணவர் முதல் நாளே கேட்டுக்கொண்டார். "சத்தியமா பார்க்க மாட்டேங்க," என்றாள். இதுவரை பார்த்ததும் இல்லை.

ஆனால் ஒன்பது வரிக்கு இரண்டு மணி நேரம் என்று திரை சொன்னது. அவளுக்குக் கை அரித்தது. பொத்தானை அழுத்தினாள்.

எழுத்துகள் ஊர்ந்து வந்தன. 'வவேலை', 'மமாடி' என்று சில எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்து அப்படியே கிடந்தன. போன வாரம் இதற்குத்தான் நான்கு மதிப்பெண்ணைக் குறைத்து, "என்னங்க, கீபோர்டு மேலயே தூங்கிட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஐந்தாவது வரிக்குப் பிறகு, கட்டுரையில் இல்லாத வரிகள் வந்தன.

'மூன்று மாதமாக வலது கை நடுங்குகிறது. போன வாரம் பதினோராவது மாடியிலிருந்து ஸ்பானர் நழுவி விழுந்துவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.'

இந்த நான்கு வரியிலும் எழுத்துகள் இரட்டித்துத்தான் விழுந்தன. ஆனால் இங்கே மட்டும் அவர் ஒவ்வொன்றாகப் போய்த் திருத்தியிருந்தார். திருத்தி முடித்த வரிகள் முழுசாக ஒரு நிமிடம் திரையில் நின்றன. பிறகு மொத்தமாக மறைந்தன. அந்த இடத்தில் புதிதாக ஒன்று முளைத்தது: 'இந்த வேலைக்கு உறுதியான கை வேண்டும்.'

தூக்கமாவது, அவசரமாவது! ஒருமுறை தொட வேண்டிய விரல் நடுங்கி இருமுறை தொட்டிருக்கிறது. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கையைப் பார்க்காமல், அந்தக் கை செய்த பிழையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்று அவருக்குப் பதினாறு மாடிக் கட்டடத்தில் வேலை. தடுக்க வேண்டுமென்றால், சத்தியத்தை மீறியதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குளியலறைக் கதவு திறந்தது. உடை மாற்றிக்கொண்டு வந்த கணவர் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டினார். "என்ன டீச்சரம்மா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?"

"இன்னிக்கு வேலைக்குப் போகாதீங்க."

"நல்லா இருக்கே! ரோப் மாத்தணும். நான் போகலைன்னா பதினாறு மாடியும் படியேறுவாங்க."

"ஏறட்டும்." எழுந்து போய்ப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. உங்க கட்டுரையை ஓட்டிப் பார்த்துட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீங்க அழிச்சதைத் திருட்டுத்தனமா படிச்சுட்டேன். எவ்வளவு வேணா திட்டுங்க. முதல்ல டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்."

அவர் திட்டவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மடியில் வலது கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இன்று அதை அவர் மறைக்கவில்லை.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை சொன்னேன். கட்டுரை திருத்திக்கிட்டே 'ம்'னு சொன்ன."

"சரி, எழுதினதையாவது அப்படியே விட்டிருக்கலாம்ல? ஏங்க அழிச்சீங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அழிச்சாத்தானே நீ கவனமா படிப்ப!"