ஏழாவது புகாருக்கு வந்த படம்

எங்கள் வாசல் குப்பையைப் பற்றி நான் கொடுத்த ஏழாவது புகாரையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். ஆதாரமாக ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போய், போனை எழுத்தரின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது எங்க வீடு கட்டறதுக்கு முன்னாடி எடுத்த படம் சார். தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவுல எங்க வீடு இருக்கிற இடம் காலி மனையா இருக்கு பாருங்க. குப்பையே அள்ளாம எப்படி மூடினீங்க?"

"தெரு சுத்தமா இருக்கிற படத்தைப் போட்டாத்தான் கம்ப்யூட்டர் மூட விடும்மா. எங்ககிட்ட இருக்கிறது இந்த ஒண்ணுதான்," என்றார், தலையைத் தூக்காமல். "போய்ப் பாருங்க, எல்லாம் சரியா இருக்கும்."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் தெருவில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே காலி மனையில் புல் வளர்ந்திருந்தது. என் கையில் வீட்டுச் சாவி இருந்தது. காலையில் நான் கிளம்பும்போது அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அம்மாதான்.

"இன்னும் குப்பையை அள்ளலடி. நாத்தம் குடலைப் புரட்டுது. நான் வாசல்ல நின்னு கத்தறேன், நீ எதிர்ல நின்னுக்கிட்டு என்னடி முழிக்கிற?"