மூன்று குகைகள்

படகில் ஏறியதிலிருந்து அவர் பின்னால் திரும்பவில்லை.

பின் பலகையில் தம்பி தெய்வநாயகம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் பின்னால் படகுக்காரப் பெண். வியட்நாமில் இந்த ஆற்றில் துடுப்பைக் காலால்தான் வலிக்கிறார்கள். கைகள் சும்மா இருக்க, அவள் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். கடிக்கும் சத்தம் கேட்டது.

வேறு சத்தம் இல்லை.

இரு கரையிலும் சுண்ணாம்புப் பாறை மலைகள் தண்ணீரிலிருந்தே செங்குத்தாக எழுந்து நின்றன. ஒன்றாவது சாய்ந்திருக்க வேண்டுமே. இல்லை.

அவருக்கு அது பிடித்திருந்தது.

பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் ஒரே பயணத்தில் இடம் பிடித்திருந்தார்கள். விமான நிலையத்தில்தான் தெரிந்தது. அங்கிருந்து திரும்பிப் போவது கௌரவமில்லை.

படித்துறையில் டூர் மேனேஜர் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினான்.

"ரெண்டு பேருக்கும் அப்பா பேரு ஒண்ணுதானே சார்? அப்ப ஒரே படகு. ஏறுங்க, ஏறுங்க."

முப்பது பேர் பார்க்க மறுப்பதும் கௌரவமில்லை. ஏறினார். முன் பலகை மூத்தவருடையது. அதில் போய் உட்கார்ந்தார்.

ஒன்பது வருடம்.

அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் தம்பியின் பெயர் விட்டுப்போயிற்று. பெண்ணின் சித்தப்பன் பெயர் இல்லாத பத்திரிகை. தெய்வநாயகம் மண்டபத்துக்கு வரவில்லை. அச்சகத்தான் விட்டதற்குத் தான் போய்த் தம்பி வாசலில் நிற்பதா என்று அவரும் போகவில்லை. இளையவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். அதுதான் முறை.

ப்ரூஃப் படித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அது அச்சகத்தானுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

பின்னால் வந்த படகில் இரண்டு வீட்டுப் பெண்களும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் என்றைக்கும் பேச்சை நிறுத்தியதில்லை. அவர் மனைவியின் குரல் தண்ணீர்மேல் வந்தது.

"வாயத் தொறக்காம வர்றதுக்கு வீட்டுலயே கெடந்திருக்கலாமுல்ல, ரெண்டு பேரும்!"

மலைகளுக்குக் கேட்டிருக்கும். படகில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆறு நேராக ஒரு மலைக்குள் நுழைந்தது. மூன்று குகைகளில் இது முதலாவது. படகுக்காரப் பெண் தன் மொழியில் உரக்க ஏதோ சொன்னாள். குகையின் பெருமையைச் சொல்கிறாள் என்று அவர் தலையாட்டினார்.

இருட்டு. குளிர்ச்சி.

கூரையிலிருந்து ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்தது. கழற்றித் துடைத்தார்.

"அண்ணே! தலை! குனிண்ணே!"

குனிந்தார்.

யோசிக்கவில்லை. நெற்றி முழங்காலில் இடித்தது. பாறை உச்சிமயிரை உரசிக்கொண்டு பின்னால் போனது.

பிறகு வெளிச்சம். நெல் வயல். ஒரு கொக்கு.

பின்னால் தம்பி ஆற்றைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னான்.

"அப்பாவுக்கும் இதே கழுத்துதான். எந்த வாசல்ல குனிஞ்சாரு அவரு? மண்டை பூரா தழும்பு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதில் நாக்கு வரை வந்தது. நிறுத்திக்கொண்டார்.

குகைக்குள் கேட்ட அந்த 'அண்ணே' பதறிப்போய் வந்த சொல். பக்கத்துப் படகில் யாராவது இடித்துக்கொள்ளப் போனாலும் கத்தியிருப்பான். அதைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்வது முறையாகாது. அவனாக ஒருமுறை, நிதானமாகக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டால், அவரும் சொல்வதற்கு ஒன்று வைத்திருந்தார். ஒன்பது வருடமாக வைத்திருந்தார்.

இரண்டாவது குகை வந்தது.

இது முதல் குகையைவிடத் தாழ்வு. வாயிலேயே பாறை தொங்கியது. முன்னால் போன படகுகளில் ஒவ்வொரு தலையாகப் பணிந்து உள்ளே போவதை அவர் பார்த்தார். தன் தலை எந்த இடத்தில் மோதும் என்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

முழங்கால்களில் கைகளை ஊன்றினார். முதுகை நிமிர்த்தினார். கழுத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

பாறை நெருங்கியது.

பின்னால் தெய்வநாயகம் தொண்டையைச் செருமினான்.